தொட்டி மூடிமேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள்

திருவனந்தபுரம் மாவட்டம் காட்டாக்கடைப் பக்கம் ஐந்து சென்டில் வீடு கட்டுகிறார் மாமா. கட்டன் சாயாவை ஊதியபடி கேட்டார்: "செப்டிக் டேங்க் கட்டியாச்சு. இனி முப்பது வருசத்துக்கு அதைத் திரும்பிப் பாக்கவேண்டாம், இல்லையா?"

"தொட்டிக்குள்ள என்ன நடக்குன்னு முதல்ல பாப்போம் மாமா" என்றேன்.

கனமானது அடியில் தங்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படியும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடில் ஒரு பங்கைத் தின்று வாயுவாக்கும். நடுவில் நிற்கும் தண்ணீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். அது பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமி நிறைந்தது. அதை வடிகட்டுவது மண்தான். அதற்குத் தூரம் வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே 7.5 மீட்டர் என்பது கேரளக் கட்டட விதி சொன்ன கணக்கு. ஐந்து சென்ட் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 14 மீட்டர். கிணற்றைச் சுற்றி 7.5 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் அதன் குறுக்களவே 15 மீட்டர். அதனால் உங்கள் கிணற்றை அளந்தால் மட்டும் போதாது, மதிலுக்கு அப்பால் இருக்கும் கிணற்றையும் அளக்கவேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிவரும்போது நடுவிலிருக்கும் காய்ந்த மண்ணும் குறைந்துபோகும்.

அடிக்கசடு தானாகப் போய்விடாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சவேண்டும். "எங்க தொட்டி நிறையவே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில், பெரும்பாலும் அடியில் பூச்சே இருக்காது. எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். "சரி, லாரிக்காரன் எங்க கொண்டுபோவான்?"

எனக்குத் தூக்கம் கெடுக்கும் கேள்வி இதுதான். திருவனந்தபுரத்தில் முட்டத்தறையில் ஒரு நாளைக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2013 முதல் இருக்கிறது. இங்கிருந்து அங்கே போய்வர டீசலும் நேரமும் ஆகும். பக்கத்தில் இடம் இல்லாத ஊர்களில் இருட்டிய பிறகு ஓடையும் கால்வாயும்தான் கிடைக்கின்றன. இங்கே ஓடையில் விழுவது நெய்யாற்றில் சேர்ந்து பூவாறு வரை போகும்.

பாதாளச் சாக்கடை கேட்கலாம். மேடும் பள்ளமுமாக, தோட்டத்துக்குள் தனித்தனியே நிற்கும் நம் வீடுகளுக்குக் குழாய் இழுப்பது பெரும் செலவு. நமக்கு வேண்டியது கசடுக்கு ஒரு களம். பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் 2015இல் ஒரு நாளைக்கு 6,000 லிட்டர் கொள்ளும் கசடு நிலையம் வந்தது. மதுராந்தகம் பக்கத்திலுள்ள கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் வந்தது 23,000 லிட்டர். அங்கே லாரி கொட்டும் கசடு மணல், சரளைப் படுக்கையில் பரவும். நீர் கீழே வடிந்து, செடி வளரும் சரளைத் தொட்டி வழியாகப் போய்த் தெளியும். மேலே நிற்பது வெயிலில் காயும். காய்ந்ததை மக்கும் குப்பையோடு சேர்த்து மக்கவைத்தால், அந்தச் சூட்டில் புழு முட்டைகூடச் சாகும்; அப்புறம் அது எரு.

நமக்கு இடவப்பாதி, துலாம் என வருசத்தில் இரண்டு மழைக்காலம் உண்டு. திறந்த களம் இங்கே காயாது, கூரை கட்டாயம் வேண்டும். இடம் கிடைப்பது அதைவிடக் கடினம். 'எங்க வீட்டுப் பக்கம் வேண்டாம்' என்பவர்கள் நாற்றத்துக்கும் கிணற்றுக்கும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பஞ்சாயத்து அவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கருங்குழிக்குக் கூட்டிப்போய்க் காட்டட்டும், அதன்பிறகு பேசலாம்.

"அப்ப நான் இப்ப என்ன செய்ய?"

"மூடிமேல டைல்ஸ் ஒட்டாதீங்க மாமா. லாரிக் குழாய் எட்டுற இடமா இருக்கட்டும். என்ன அடைப்பு வந்தாலும் ஆளை உள்ளே இறக்காதீங்க. அந்த வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்ச்சிரும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை இறக்குறது குற்றம்."

மாமா சாயாவை முடிக்கவில்லை. கொத்தனாருக்குப் போன் போட்டு, நாளைக்கு டேப் எடுத்துவரச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கிணறு வரை அளக்கவேண்டுமாம்.