குடல் அழற்சி நோயில் மூட்டு வலியும் நெஞ்சு வலியும்: எது பொறுக்கலாம், எது பொறுக்கக் கூடாது?

க்ரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறோம். இந்த நோய் உள்ளவர்கள் குடல் மருத்துவரைப் பார்க்கும்போது பேச்செல்லாம் வயிற்றைச் சுற்றியே இருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை மலம் போகிறது, ரத்தமும் சீதமும் வருகிறதா, எடை இறங்கியிருக்கிறதா என்று கேட்பார். முழங்கால் வீங்கியதையும் நெஞ்சில் குத்தியதையும் நோயாளி அங்கே சொல்வதில்லை. மூட்டுக்கு எலும்பு டாக்டரிடம் போகிறார். நெஞ்சு வலியை வாய்வு என்று சொல்லிப் பூண்டுப் பால் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். இந்த வலிகளைக் குடல் நோயோடு சேர்த்துப் பார்த்தால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

குடல் நோய் மூட்டுக்கு எப்படிப் போகிறது?

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதால் வரும் நோய் இது. அந்தத் தாக்குதல் குடலோடு நிற்பதில்லை. கண், தோல், கல்லீரலின் பித்தக் குழாய்கள் ஆகியவற்றிலும் அழற்சி வரலாம். குடலுக்கு வெளியே அதிகம் பாதிக்கப்படுவது மூட்டுகள்தான். சிலருக்கு வயிற்றுத் தொல்லை தொடங்கும் முன்பே மூட்டு வலி வந்துவிடும்.

மூட்டுப் பாதிப்பு மூன்று விதமாக வரும். முதல் விதத்தில் முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகள் ஒன்றிரண்டு திடீரென வீங்கும். குடல் நோய் கிளம்பும்போது கிளம்பி, அது அடங்கும்போது அடங்கும். இரண்டாவது விதத்தில் விரல்கள், மணிக்கட்டு போன்ற சிறிய மூட்டுகள் ஐந்தோ அதற்கு மேலோ பாதிக்கப்படும். வயிறு நன்றாக இருக்கும்போதும் இந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும்.

மூன்றாவது விதம் முதுகெலும்பையும் இடுப்பு எலும்பு இணைப்புகளையும் தாக்குவது. இதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். பாரம் தூக்கியதால் வந்த முதுகு வலி ஓய்வெடுத்தால் குறையும். இந்த வலியோ படுத்தால் கூடும், நடந்தால் குறையும். பின்னிரவில் வலியால் தூக்கம் கலையும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருக்கும். 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் இப்படி வலித்தால், மூட்டுவாத மருத்துவரைப் பார்க்கவேண்டும். குதிகால் வலியும் இதே வகையில் சேரலாம்.

எல்லா மூட்டு வலியையும் குடல் நோயின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. சிக்குன்குனியா காய்ச்சல் போன பிறகும் மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு நடக்கும்போது தொடை இடுக்கில் வலித்தால், இடுப்பு மூட்டின் பந்து எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். ஒரே ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கக்கூடும். அதற்கு அன்றே மருத்துவமனை போகவேண்டும்.

மருந்துக்கடை மாத்திரை வேண்டாம்

மருந்துக்கடையில் மூட்டு வலிக்கு என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டு மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் பாராசிட்டமாலோடு டைக்லோஃபினாக்கோ அசிக்லோஃபினாக்கோ சேர்ந்திருப்பது தெரியும். இவையும் ஐபுப்ரோஃபென் போன்றவையும் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியவை. அடங்கிக் கிடக்கும் குடல் நோயைச் சிலருக்கு மறுபடி கிளப்பிவிடும்.

தனிப் பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவுக்குள், பாதுகாப்பானது. அது போதாதபோது குடலை அதிகம் பாதிக்காத வேறு வலி நிவாரணியைக் குறைந்த நாட்களுக்கு மருத்துவரே எழுதித் தருவதுண்டு. எந்த டாக்டரிடம், எந்தக் கடையில் போய் நின்றாலும் "எனக்குக் குடல் அழற்சி நோய் இருக்கிறது" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒரு மருந்து, இரண்டு நோய்கள்

குடலும் மூட்டும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு சல்ஃபாசலசின் மாத்திரையின் வரலாறே சான்று. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய மருந்து அது. அதைச் சாப்பிட்டவர்களில் பெருங்குடல் புண் இருந்தவர்களுக்கு வயிறும் தேறியதை அவர் கவனித்தார். இன்றும் இரண்டு நோய்களுக்கும் அது பயன்படுகிறது. கை, கால் மூட்டுகளுக்கு உதவும் இந்த மருந்து முதுகெலும்பு வலிக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

முதுகெலும்பும் குடலும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஊசிகள் நல்ல பலன் தருகின்றன. ஆனால், மூட்டுக்கு நல்லதெல்லாம் குடலுக்கும் நல்லதாக இருப்பதில்லை. மூட்டுவாதத்துக்குப் போடப்படும் எடனர்செப்ட் ஊசி க்ரோன் நோய்க்குப் பலன் தராது. செகுகினுமாப் ஊசியால் குடல் நோய் மோசமாகலாம். குடலை மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாப் ஊசியை நம்பி மூட்டு வலியை விட்டுவிடவும் முடியாது. எனவேதான் குடல் மருத்துவரும் மூட்டு மருத்துவரும் ஒரே கோப்பைப் பார்த்து மருந்தை முடிவு செய்யவேண்டும்.

நெஞ்சு வலி: முதலில் ஆபத்தை விலக்குங்கள்

குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நோய் கிளம்பியிருக்கும்போதும் மருத்துவமனையில் படுத்திருக்கும்போதும் அது இன்னும் கூடும். பேதியால் உடலில் நீர் வற்றுவதும் நடமாட்டம் குறைவதும் இதற்குத் துணைபோகின்றன. அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்து, பின்பு திடீரென மூச்சு வாங்கி, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். சளியில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான்.

நடுநெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் அழுத்தி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, உடம்பு வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். வயது குறைவு என்று அலட்சியம் வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.

குடல் அழற்சிக்குத் தரப்படும் மெசலமின், சல்ஃபாசலசின் மாத்திரைகளால் மிகச் சிலருக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலோ இதயத் தசையிலோ அழற்சி வரும். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் தெரியும். இதய உறையில் அழற்சி என்றால் மல்லாந்து படுக்கும்போது வலி கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். புதிதாக மாத்திரை தொடங்கியவருக்கு இப்படி வந்தால், அடுத்த வேளை மாத்திரை போடும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். காரணம் உறுதியாகி மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள்.

இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி போடுபவர்கள் காசநோயை மறக்கக் கூடாது. உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை இந்த ஊசிகள் விழிக்க வைக்கலாம். நெஞ்சு வலியோடு நாள்பட்ட இருமலும் மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் இருந்தால், ஊசி தொடங்கும் முன் எடுத்த பரிசோதனை சரியாக இருந்தாலும் மறுபடி பார்க்கவேண்டும்.

ஆபத்து குறைந்த நெஞ்சுத் தொல்லைகள்

இவையெல்லாம் இல்லை என்று ஈசிஜி, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைகளால் தெரிந்த பிறகுதான் மற்றக் காரணங்களுக்கு வரவேண்டும். விலா எலும்பு நடுநெஞ்செலும்போடு சேரும் இடத்துக் குருத்தெலும்பில் அழற்சி வருவது அவற்றில் ஒன்று. விரலால் அந்த இடத்தை அழுத்தினால் அதே வலி வரும். தும்மினாலும் திரும்பிப் படுத்தாலும் சுரீர் என்று குத்தும். முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். இரைப்பை அமிலம் மேலேறி நெஞ்சு எரிவதும் உண்டு. குடலில் ரத்தம் கசிந்து ரத்தசோகை முற்றியவர்களுக்கு மாடி ஏறும்போது படபடப்பும் மூச்சிரைப்பும் வரும். ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அன்றாடம் செய்யவேண்டியவை

காலை விறைப்புக்கு வெந்நீர்க் குளியல் இதம் தரும். முதுகெலும்பு வலி உள்ளவர்கள் தினமும் நடக்கவேண்டும், முடிந்தால் நீந்தலாம். நெஞ்சுக்கூடு நன்றாக விரியும்படி ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியும் அவசியம். வீங்கிய மூட்டுக்கு இரண்டொரு நாள் ஓய்வு கொடுங்கள். வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருக்காதீர்கள். பேதி அதிகமான நாட்களில் உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்து நீர்ச்சத்தைக் காப்பாற்றுங்கள். புகைபிடிப்பதை நிறுத்துவது க்ரோன் நோய்க்கும் இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் ஒருசேர நல்லது. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். அதுவே உடல் முழுக்க வலியைக் கொண்டுவந்து, உயிருக்கும் ஆபத்தாகலாம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் வலி, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, அன்று எத்தனை முறை மலம், என்னென்ன மாத்திரை. வயிற்றோடு சேர்ந்து வலி ஏறி இறங்குகிறதா என்பதை மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டியே கண்டுபிடித்துவிடுவார்.

காய்ச்சல் இல்லாத மூட்டு வலிக்கு நாள் குறித்துப் போய் மருத்துவரைப் பார்க்கலாம். புதிதாக வந்த நெஞ்சு வலிக்கு நாள் பார்க்கக் கூடாது. வாய்வா, வேறொன்றா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், மருத்துவமனை முடிவு செய்யட்டும்.