கொடிக்குப் பின்னால் ஒரு கூட்டம்

பயணம் என்னும் வியாபாரம் – 9

சென்ற வாரம் தாமஸ் குக்கைப் பார்த்தோம். 1841-இல் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துப்போன மனிதர் அவர். குழுச் சுற்றுலா என்றதும் உலகம் அவர் பெயரைத்தான் சொல்கிறது. அதைக் கேலி செய்யும் வழக்கமும் அவர் காலத்திலேயே இங்கிலாந்தில் தொடங்கிவிட்டது. இன்று அந்தக் கேலிக்கு அதிகம் ஆளாவது ஜப்பானுக்குப் போகும் குழுக்கள்தான். டோக்கியோவில் அசகுசா கோயில், வழியில் ஹகோனே, மேகம் விலகினால் ஃபூஜி மலை, கியோட்டோவில் ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரண வாயில்கள், நாராவில் மான், ஒசாகாவில் சாப்பாடு. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முன்னால் சின்னக் கொடியோடு வழிகாட்டி, பின்னால் நாற்பது பேர். இப்படிப் பார்ப்பது ஜப்பானைப் பார்ப்பதே ஆகாது என்று பயணம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. ஜப்பானியர் தம் நாட்டைக் கண்டுகொண்டதே இந்த முறையில்தான். கொடியும் கூட்டமும் அங்கே வெளியிலிருந்து போய் ஒட்டிக்கொண்டவை அல்ல. கோளாறு குழுவில் இல்லை, குழு சேரும் விதத்தில் இருக்கிறது.

டோகுகாவா ஆட்சியில், அதாவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-இன் நடுப்பகுதி வரை, ஒரு விவசாயி நினைத்தபோது ஊரை விட்டுக் கிளம்ப முடியாது. ஹகோனே போன்ற இடங்களில் சோதனைச் சாவடிகள் இருந்தன. கையில் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைத் தட்டாமல் வாங்கித் தந்த காரணம் ஒன்று உண்டென்றால் அது கோயில் யாத்திரை. அதிலும் சூரிய தேவதை அமதெராசு குடியிருக்கும் இசே ஆலயம் என்றால் மறுப்பது கடினம். ஆனால் பல நாள் நடையும் விடுதிச் செலவும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்காது. அதற்குக் கிராமங்கள் கண்டுபிடித்த வழி ‘இசே-கோ’ என்ற சங்கம். நம் ஊர்க் குலுக்கல் சீட்டைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லாரும் பணம் போடுவார்கள், ஆண்டுக்கு ஒருமுறை பெயர் குலுக்குவார்கள், பெயர் விழுந்தவர்கள் சங்கத்தின் செலவில் இசேவுக்குப் போவார்கள். போகிறவர் தமக்காக மட்டும் போகவில்லை. போகாத அத்தனை பேருக்கும் பதிலாகப் போகிறார். அவர்களுக்கெல்லாம் சேர்த்து வணங்கி, அவர்களுக்கெல்லாம் ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

மறுமுனையில் அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் ‘ஓஷி’ என்ற கோயில் முகவர்கள். பாதி பூசாரி, பாதி விடுதிக்காரர். இவர்களின் ஆட்கள் ஆண்டுதோறும் கிராமம் கிராமமாகப் போய் ஆலயத்தின் ரட்சையையும் பஞ்சாங்கத்தையும் கொடுத்து வருவார்கள். எந்த ஊர் எந்த ஓஷியின் வாடிக்கை என்பது பரம்பரைச் சொத்துபோலப் பிரிக்கப்பட்டிருந்தது, அதை விற்கவும் வாங்கவும் முடிந்தது. அந்த ஊரார் இசேவுக்கு வந்தால் இறங்குவது அவர் வீட்டில்தான். கோயில்களைச் சுற்றிக்காட்டுவது, காகுரா நடனத்தைக் காணிக்கையாக நடத்திவைப்பது, விருந்து போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. பிரசாரம், முன்பதிவு, தங்குமிடம், உணவு, வழிகாட்டி என இன்றைய பயண நிறுவனம் விற்கும் ‘எல்லாம் அடங்கிய’ தொகுப்பில் இவர்களிடம் இல்லாதது விமானச் சீட்டு மட்டும்தான். தாமஸ் குக் பிறப்பதற்கு முன்பே இது பழுத்த தொழிலாக இருந்தது. 1804-இல் ஒசாகாவில் நானிவா-கோ என்ற அமைப்பு நம்பகமான விடுதிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வாசலில் தன் பலகையைத் தொங்கவிட்டது. சூதும் அடாவடியும் இல்லாத விடுதி என்பதற்கு அதுவே அத்தாட்சி. 1810-இல் யசுமி ரோஆன் என்பவர் பயணிகளுக்கு 61 எச்சரிக்கைகள் அடங்கிய கைநூல் வெளியிட்டார். விடுதிக்குள் நுழைந்ததும் திசை எது, கழிப்பறை எங்கே, முன்வாசலும் பின்வாசலும் எங்கே என்று முதலில் பார்த்துவைத்துக்கொள் என்கிறது அந்த நூல். தீயோ திருடனோ வந்தால் ஓட வேண்டுமல்லவா? இரண்டு நூற்றாண்டு கழித்தும் அந்த அறிவுரையில் மாற்ற ஒன்றுமில்லை.

அது பக்தி, இது பொழுதுபோக்கு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிடலாம், ஏனென்றால் அன்றும் இரண்டும் கலந்தே இருந்தன. இசேயின் உள் ஆலயத்துக்கும் வெளி ஆலயத்துக்கும் நடுவில் ஃபுருஇச்சி என்ற ஆடல்பாடல் விடுதித் தெரு இருந்தது. நாட்டின் பெரிய கேளிக்கைப் பேட்டைகளில் அது ஒன்று. சாமி கும்பிட்டவர்கள் அப்படியே கியோட்டோ, ஒசாகா என்று ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். ஆலய வாசலில் அகஃபுகு கடை 1707-இல் விற்கத் தொடங்கிய, பயற்று விழுது பூசிய அரிசிப் பலகாரத்தை இன்றும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். 1705-இல் ஒரு பெரும் யாத்திரை அலை எழுந்தது. 50 நாளில் 36 லட்சம் பேர் போனதாக அறிஞர் மோட்டோரி நோரினாகா எழுதிவைத்திருக்கிறார். அன்றைய மக்கள்தொகை சுமார் 3 கோடி. எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு நம்பினாலும் மலைப்புதான். வீட்டில் சொல்லாமல் ஓடிவந்த வேலைக்காரர்களும் பிள்ளைகளும் இதுபோன்ற அலைகளில் இருந்தார்கள். எஜமானருக்குப் பதிலாக அனுப்பப்பட்ட நாய்களும் இருந்தன! ஆனால் சங்கத்தின் சார்பில் போனவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. வழியில் கண்ட நல்ல நெல் விதையைக் கொண்டுவந்தார், இசேயின் பாட்டையும் ஆட்டத்தையும் கற்றுவந்தார். அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியதற்கு யாத்திரிகர்களே காரணம். காசு போட்டவர்கள் ஊரில் கேள்விகளோடு காத்திருந்தார்கள், அதனால் போனவர் கண்ணைத் திறந்துவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

டோகுகாவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871-இல் ஓஷி முறையை ஒழித்தது. பழக்கத்தை ஒழிக்க முடியவில்லை. 1886-இல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்களை நடத்திக் கூட்டிச்சென்ற நெடும்பயணத்திலிருந்து பள்ளிச் சுற்றுலா என்ற வழக்கம் பிறந்தது. இன்றும் அங்கே பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி அது. 1905-இல் குசட்சு ரயில் நிலையத்தில் உணவுப் பொட்டலம் விற்றுவந்த மினாமி ஷின்சுகே யாத்திரைக் குழுக்களை ரயிலில் அழைத்துப்போகத் தொடங்கினார். நிப்பான் டிராவல் ஏஜென்சி என்ற பெரிய நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். 1928-இல் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பெப்புவில், அபுராயா குமஹாச்சி பேருந்துச் சுற்றுலாவில் இளம்பெண்களை வழிகாட்டிகளாக அமர்த்தினார். அவர்கள் ஊரின் சிறப்பை ஏழும் ஐந்துமாக அசை பிரிந்த செய்யுள் நடையில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஷிகோகு தீவின் 88 கோயில்களை நடந்தால் சுமார் 1,200 கிலோமீட்டர். 1953 முதல் அந்தச் சுற்றுக்கும் பேருந்துக் குழுக்கள் போகின்றன. நடந்தவர்கள் அப்போது முகம் சுளித்திருக்கலாம், ஆனால் முழங்கால் வலியுள்ள மூதாட்டிகள் 88 கோயிலையும் பார்த்தார்கள்.

நல்ல பயணி தனியாகத்தானே போவான், ஹைக்கூக் கவிஞர் பாஷோ அப்படித்தானே போனார் என்பது இலக்கியம் படித்தவர்கள் எழுப்பும் கேள்வி. பாஷோ தனியாகப் போகவில்லை. 1689-இல் வடக்கே போன அந்தப் புகழ்பெற்ற பயணத்தில் சீடர் சோரா கூடவே நடந்தார், செலவையும் வழியையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஊர் ஊராக வரவேற்றுத் தங்கவைத்தவர்கள் அங்கங்கே இருந்த கவிதைக் குழுக்கள். ராத்திரி அவர்கள் செய்ததும் தனித் தவமல்ல. ஒருவர் ஒரு கண்ணி சொல்ல, அடுத்தவர் அதைத் தொட்டு இன்னொன்று சொல்லும் தொடர்கவிதை அது. தனிமையின் அடையாளமாக நாம் வைத்திருக்கும் மனிதரும் ஒரு வலைப்பின்னலின் தோளில் ஏறித்தான் போனார்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2003-இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டினர் சுமார் 52 லட்சம் பேர். 2024-இல் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். 2030-க்குள் 6 கோடி என்பது அரசின் இலக்கு. கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்திப் படமெடுக்கும் தொல்லை பொறுக்காமல் 2024-இல் தனியார் சந்துகளுக்குள் நுழையத் தடை போட்டார்கள், மீறினால் 10,000 யென். அதே ஆண்டு ஃபூஜிகவகுச்சிகோ ஊரில், ஒரு கடையின் தலைக்கு மேல் ஃபூஜி தெரியும் காட்சியை மறைத்துக் கறுப்புத் திரை கட்டினார்கள், சில மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு கூட்டமாகப் போவதை ஆதரிப்பதா? பழியைச் சரியான ஆள்மேல் போட வேண்டும். அங்கே வருபவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தாமே ஏற்பாடு செய்துகொண்டு வருகிறவர்கள். அந்தக் கடை எதிரே சாலையில் இறங்கி நிற்கச் சொன்னது கைபேசியில் பார்த்த படம். கியோட்டோ நகரப் பேருந்துகளில் உள்ளூர்க்காரர் ஏற முடியாமல் போனது, ஆளுக்கொரு பெட்டியோடு ஏறும் பயணிகளால். நகராட்சி ஒருநாள் பேருந்துச் சீட்டின் விற்பனையையே 2023-இல் நிறுத்திவிட்டது. தனிப் பேருந்தில் வரும் குழு அந்த இருக்கைகளைத் தொடுவதில்லை. எங்கே குரல் தாழ்த்த வேண்டும், எந்தச் சந்தில் கால்வைக்கக் கூடாது என்று சொல்ல அதற்கு ஒரு ஆள் இருக்கிறார். ஆனாலும் ஆறடிச் சந்தில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் அது படையெடுப்புதான். அந்த எண்ணிக்கைக்கு என்னிடம் வக்காலத்து இல்லை.

குழுவுக்கே உரிய நோய் ஒன்று உண்டு, அதையும் ஜப்பான் வரலாறே காட்டுகிறது. பயணத்தில் பட்ட வெட்கத்தை அங்கேயே உதறிவிட்டு வரலாம் என்பது அந்நாட்டுப் பழமொழி. 1964-இல் பொதுமக்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு இருந்த தடை நீங்கியது. அடுத்த இருபது ஆண்டுகள் கொடியும் கேமராவுமாக வந்த ஜப்பானியக் குழுக்களைப் பார்த்து ஐரோப்பா சிரித்தது. அந்தச் சிரிப்பை மன்னித்துவிடலாம். 1970-களில் கொரியாவுக்கும் தைவானுக்கும் ஆண்கள் மட்டும் குழுவாகப் போய்வந்த பாலியல் சுற்றுலாக்களை மன்னிக்க முடியாது. கொரியப் பெண்களும் ஜப்பானியப் பெண்களும் அவற்றை எதிர்த்துப் போராடினார்கள். கூட்டம் தைரியம் தரும், கூச்சத்தையும் போக்கிவிடும். ஊரார் காசு போட்டு அனுப்பியவன் ஊராரின் பெயரைத் தூக்கிக்கொண்டு போனான். நிறுவனமோ சலுகைக் கட்டணமோ சேர்த்துவைத்த குழு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கொடி, ஒரே பேருந்து என்றாலும் இரண்டும் வெவ்வேறு பயணங்கள்.

இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிவது சாப்பாட்டில். இசேயில் ஓஷி வீட்டு விருந்து என்றால் அதில் செந்நிறக் கடல்மீன், அபலோன் சிப்பி, பெரிய இறால் எல்லாம் வரும். தினையும் பார்லியும் தின்று வளர்ந்த மலைநாட்டு விவசாயி வாழ்நாளில் பார்த்திராத தட்டுகள். கூட வந்தவன் தின்கிறான் என்பதால் தானும் தின்றான். இன்று இந்தியாவிலிருந்து போகும் குழுக்கள் பலவற்றின் பயணத்திட்டத்தில் ‘தினமும் இந்திய உணவு’ என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஏழு நாளும் பன்னீர் குழம்பு சாப்பிட எதற்காக டோக்கியோ வரை போக வேண்டும்? சைவர்களின் சங்கடம் நிஜமானது, மறுக்கவில்லை. ஜப்பானியச் சமையலின் ஆதாரமான தாஷி என்ற ரசம், பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனில் ஊறியது. காய்கறிக் கூட்டிலும் மிசோ சூப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் அது இருக்கும். ஆனால் அதற்கு விடையும் ஜப்பானிலேயே இருக்கிறது. பௌத்தத் துறவி கூகாய் 816-இல் அரசரிடமிருந்து பெற்ற கோயா மலையில் உள்ள மடங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவை இன்று பயணிகளைத் தங்கவைக்கின்றன. அங்கே பரிமாறுவது ஷோஜின் ரியோரி. மீன், இறைச்சி, பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. ரசம் கடற்பாசியிலும் காளானிலும் இறங்கியது. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவில் கிண்டிய கட்டி, உறையவைத்து உலர்த்திய டோஃபு, ஊறுகாய், சோறு என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரும். தனியாகப் போகும் சைவப் பயணி மொழி தெரியாமல் கடையில் சோற்று உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நிற்பார். பத்துப் பேர் கொண்ட குழுவுக்காக வழிகாட்டி முன்கூட்டியே பேசி மடத்தில் இடம் பிடித்துவிடுவார். குழுவின் பலத்தைப் பயன்படுத்த வேண்டிய இடம் இது. அதைப் பன்னீர் குழம்புக்குச் செலவழிப்பது வீண்.

ஆகவே ஜப்பான் போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் குழுவை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு நிறுவனத்தைத் தேடுங்கள். தெருவிலோ அலுவலகத்திலோ பத்துப் பன்னிரண்டு பேர் ஓராண்டு பணம் போட்டுவாருங்கள். மாதம் ஒருமுறை கூடி எதைப் பார்க்கப் போகிறோம் என்று பேசுங்கள். வர முடியாதவர்களையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், திரும்பியதும் கேள்வி கேட்கப்போகிறவர்கள் அவர்கள்தான். நிறுவனத்திடம் போகும்போது ஒரே ஊரில் இரண்டு இரவாவது தங்கவிடுவீர்களா, கோயா மலையிலோ வேறோர் இடத்திலோ அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு உண்டா, கூட வரும் வழிகாட்டிக்கு ஜப்பானிய மொழி தெரியுமா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாமல் பயணத்திட்டத் தாளை மட்டும் நீட்டுபவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

(தொடரும்)