உழத்தியரும் ஊராட்சியும்

‘விவசாயி’ என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஏர் பிடித்த ஆணின் உருவமே. ஆயினும் தமிழகத்து வயல்களில் நடவு, களையெடுப்பு, விதை காத்தல், கறவை பேணல் ஆகிய பணிகள் நெடுங்காலமாகப் பெண்களின் கைகளிலேயே இருந்து வந்துள்ளன. இவ்வாறு உழைப்பவளுக்கு ஊரின் பொதுவாழ்வில் கிடைத்துள்ள இடம் யாது? அவ்விடம் எவ்வாறு மாறி வருகின்றது? கிராம ஊழியத்தில் ஈடுபட்டிருப்போரும் அதற்கென ஆயத்தப்படுவோரும் சிந்திக்க வேண்டிய வினாக்கள் இவை.

1. மாறிவரும் பணி

உழவு இயந்திரம் ஆணின் ஏர்ப்பணியைக் குறைத்தது. அறுவடை இயந்திரமோ பெண்ணின் கதிரறுப்புக் கூலியைப் பறித்தது. ஆண்கள் நகரங்களுக்கு வேலை தேடிச் சென்ற குடும்பங்களில் நிலத்தின் முழுப் பொறுப்பும் பெண்மீது விழுந்தது. 1986-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு உதவியுடன் தமிழக அரசு தொடங்கிய ‘தான்வா’ திட்டம், சிறு விவசாயக் குடும்பப் பெண்களுக்கு வேளாண்மை முறைகளை நேரடியாகக் கற்பித்தது. பயிற்சி பெற்றவர்கள் தாம் கற்றதை ஊரிலுள்ள பிற பெண்களுக்கும் எடுத்துரைத்தனர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமப் பெண்கள் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். சந்தைக்கும் அரசு அலுவலகத்திற்கும் பிறர் துணையின்றிச் சென்றுவர அது அவர்களுக்கு உதவிற்று.

2. திறந்த கதவு

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழகத்தில் இதன்படி முதல் தேர்தல் 1996-இல் நடைபெற்றது. 2016-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்த, 2019-இல் நடந்த ஊரகத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. மனைவி பெயரில் பதவியும் கணவன் கையில் அதிகாரமும் என்ற நிலை பல ஊர்களில் காணப்பட்டது உண்மையே. எனினும் குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பெண் பொதுவிடத்தில் எழுந்து பேசுவது இன்று புதுமையன்று.

3. திறவாத கதவுகள்

ஊராட்சியில் இடம் பெற வாக்காளராக இருந்தால் போதும். விவசாயியின் பொதுவாழ்விலோ வேறு மன்றங்களும் உள்ளன. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்பவரிடம் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. 2000-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பாசன மேலாண்மைச் சட்டப்படி, ஆயக்கட்டில் நிலமுடையோரே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்குரிமை உடையவர்கள். ஆகவே நிலம் தன் பெயரில் இல்லாத பெண், நாள்தோறும் வயலுக்கு நீர் பாய்ச்சினாலும் அந்நீரின் பங்கீட்டைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் அமர இயலாது. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நிலங்களைத் தம் பொறுப்பில் நடத்துவோராகக் கணக்கிடப்பட்டவருள் பெண்கள் ஏறக்குறைய 14 விழுக்காட்டினரே. எனவே உழத்தியின் குடியுரிமை வாக்குச்சீட்டோடு நின்றுவிடாமல், பட்டாவிலும் அவள் பெயர் இடம் பெறும்போதே நிறைவுறும்.

இவ்வுண்மையைச் செயலில் காட்டியோர் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழவெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் அப்பகுதிக்குச் சென்று பணியாற்றிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தம் கணவருடன் 1981-இல் தொடங்கிய ‘லாப்டி’ இயக்கம், நிலமற்ற குடும்பங்களுக்குப் பெற்றுத் தந்த நிலங்களைப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தது.

4. சட்டமும் வழக்கமும்

இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வழங்கத் தமிழகம் 1989-இல் சட்டம் இயற்றியது. மத்திய அரசு 2005-இல் அவ்வாறே செய்தது. கிறிஸ்தவர்களுக்கோ, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே உயில் எழுதாது இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு அளிக்கின்றது. முன்னாள் திருவிதாங்கூர்ப் பகுதியில் மகளின் பங்கைச் சுருக்கியிருந்த 1916-ஆம் ஆண்டுச் சட்டம் இனிச் செல்லாது என உச்ச நீதிமன்றம் மேரி ராய் வழக்கில் 1986-இல் தீர்ப்பளித்தது. சட்டம் இவ்வாறிருக்க, ‘சீர் செய்து அனுப்பிவிட்டோம்’ என்று கூறிச் சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறும் வழக்கம் நம் சபைக் குடும்பங்களிலும் நீடிக்கின்றது.

5. ஆயரின் பொறுப்பு

செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் தந்தையின் காணியாட்சியைக் கேட்டுச் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்றதை எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம் விவரிக்கின்றது. பொதுவிடத்தில் பேசும் துணிவும் நிலத்தின்மீதான உரிமையும் அங்கு ஒன்றாகவே இணைந்து நிற்கின்றன.

அடக்க ஆராதனைக்குப் பின் சொத்துப் பிரிவினை பேசும் வீட்டில் பெரும்பாலும் ஆயரும் அமர்ந்திருக்கின்றார். சமாதானத்தின் பெயரால் சகோதரியை விட்டுக்கொடுக்கச் சொல்வது அவருக்கு எளிது. அவள் தன் பங்கை அறிந்துதான் கையொப்பமிடுகிறாளா என்று ஒரு வார்த்தை கேட்பது கடினம். எனினும் அதுவே அவரது கடமை. கிராமசபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய விடுமுறை நாள்களில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களை வைக்காமல், நம் பெண்களை அங்கு அனுப்பி வைப்பதும் நம்மால் இயலும். சபையின் அறுப்பின் பண்டிகையில் அவள் படைக்கும் முதற்கதிர், அவளுடைய நிலத்திலேயே விளைந்ததாக இருக்கட்டும்.