மருந்தைக் காத்தல்

மக்களை நோயினின்று காப்பது மருந்து. அம்மருந்தையே மக்கள் காக்கவேண்டிய காலமும் உண்டோ எனின், உண்டு, அக்காலம் இதுவே.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், காலில் தைத்த சிறு முள்ளும் உயிருக்கு இறுதியாதல் உண்டு. புண்வழியே புகுந்த நுண்ணுயிர்கள் குருதியிற் பரவிவிட்டால், அவற்றை அழிக்கத்தக்க மருந்து அரிதாகவே இருந்தது. 1928-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர், தம் ஆய்வுத் தட்டில் படர்ந்த ஒருவகைப் பூசணத்தைச் சுற்றிலும் நுண்ணுயிர்கள் மாய்ந்திருக்கக் கண்டார். அப்பூசணம் தந்ததே பெனிசிலின். புளோரி, செயின் என்னும் அறிஞர்கள் அதனை நோயாளர்க்குப் பயன்படும் மருந்தாக்க வழிகண்டனர். மூவரும் 1945-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே பிளெமிங் உலகை எச்சரித்தார். மருந்தை அளவிற் குறைத்து உண்பவர், நுண்ணுயிர்களைக் கொல்லாது, மருந்தைத் தாங்கும் ஆற்றலை அவற்றிற்குப் பழக்கிவிடுவர் என்பது அவர் கருத்து.

அவ்வாற்றல் தோன்றும் முறை யாது? கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுள் ஒருசில, இயல்பாக நேர்ந்த மாற்றத்தால், மருந்தைத் தாங்கவல்லன ஆகின்றன. மருந்து மற்றவற்றைக் கொல்லுகின்றது. இவையோ எஞ்சிப் பெருகுகின்றன. சிலவகைப் பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இருமடங்காக வல்லன. மேலும், தாம் பெற்ற ஆற்றலைப் பிற பாக்டீரியாக்களுக்கும் அவை வழங்குகின்றன. ஆதலின், மருந்தை வேண்டாதவிடத்துப் பயன்படுத்துந்தோறும் அதன் வலிமை குன்றுகின்றது. தடுமன் வைரசால் வருவது, அதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை உண்பதால் நோய் தீராது, தீமையே விளையும். 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

இத்தீங்கு மருத்துவமனையோடு நிற்பதன்று. நோயில்லாத கோழிகளும் விரைந்து பருக்கவேண்டும் என்று, அவற்றின் தீவனத்தில் இம்மருந்துகளைக் கலக்கும் வழக்கம் பல நாடுகளிற் பரவியது. பண்ணையில் வலிமைபெற்ற நுண்ணுயிர்கள் இறைச்சி, எரு, நீர் ஆகியவற்றின் வழியே மக்களை அடைகின்றன. பிற மருந்துகள் பயன்படாதபோது மருத்துவர் கைக்கொள்ளும் இறுதி மருந்துகளுள் ஒன்று கொலிசுடின். அதனையும் கோழிப்பண்ணைகளில் பயன்படுத்தி வந்தமையால், உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அது கூடாதென இந்திய அரசு 2019-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தடைசெய்தது.

எனவே, மருத்துவர் மட்டுமோ கால்நடை மருத்துவர் மட்டுமோ தனித்து நின்று இதனைத் தீர்த்தல் இயலாது. இதனை உணர்ந்து, 2012-ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய மருத்துவச் சங்கங்கள், நாடு தழுவிய கொள்கை வேண்டுமெனச் சென்னைப் பிரகடனத்தை வகுத்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் உலகத் திட்டம் ஒன்றை ஏற்றது. இந்தியா தன் தேசியச் செயல்திட்டத்தை 2017-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வெளியிட்டது. மக்களுக்கு அறிவுறுத்தல், நுண்ணுயிர்களின் போக்கைக் கண்காணித்தல், தொற்றைத் தடுத்தல், மருந்தை முறையோடு வழங்கல், புதியன ஆராய்தல், இவற்றை முன்னின்று நடத்துதல் என்னும் ஆறும் அதன் நோக்கங்கள். மக்கள் நல்வாழ்வு மாநிலங்களின் பொறுப்பாதலின், மாநிலங்களும் தத்தமக்குரிய திட்டம் வகுத்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டில் கேரளம் இதில் முதலாவதாக நின்றது.

திட்டம் வகுப்பினும் நிறைவேற்றுதல் எளிதன்று. மருத்துவர் அருகில் இல்லாத சிற்றூரில், காய்ச்சலுற்ற குழந்தையின் தாய் மருந்துக்கடையையே நாடுகின்றாள். கடுந்தடை ஒன்றே விதித்தால், உண்மையில் மருந்து வேண்டுவோர்க்கும் அது கிட்டாமற் போகும். மருந்தின்றி இறப்பதும் இறப்பே. ஆகவே, வீணே வழங்காமையும் வேண்டுவோர்க்கு மறாமையும் ஒருங்கே அமைவதே நல்ல திட்டமாகும். தூய குடிநீரும் கழிப்பிடமும் தடுப்பூசியும் நோய்வரவைக் குறைத்து, மருந்தின் தேவையையும் குறைக்கும்.

முன்னாளில் ஏரிக்கரையைக் காக்க ஊரார் அனைவரும் குடிமராமத்துச் செய்தனர். ஒருவன் தன் வயலுக்கெனக் கரையை வெட்டினால் ஊரே நீரிழக்கும். மருந்தின் வலிமையும் அத்தகைய பொதுச்செல்வமே. மருத்துவர் சொல்லாமல் இம்மருந்தை உண்ணாமையும், சொன்ன அளவிலும் நாளிலும் பிறழாமையும், எஞ்சிய மாத்திரையைப் பிறர்க்குக் கொடாமையும், கைகளைத் தூய்மையாக வைத்தலும் மாணவர்க்கும் இயலும் கடமைகள். மாத்திரை அட்டையின்மேல் உள்ள செந்நிறக் கோடு, மருத்துவர் சீட்டின்றி அதனை வாங்கலாகாது என அறிவிப்பது. அக்கோட்டை மதித்து நடப்பவர், தாம் என்றும் காணாத ஒருவரின் உயிரையும் காப்பவராவர்.