பூமி என்கிற பிரதி: சில பாடபேதங்கள்

விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் படத்தைப் பார்க்கிறபோது, மேலே ஒற்றைக் கண் ஒன்று இருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பதாக ஒரு பிரமை வருகிறது. அப்படி ஒரு கண் கிடையாது. 'பூமியின் சராசரி வெப்பநிலை' என்று நாம் வாசிக்கிற எண், பல நாடுகளின் கப்பல்களும் மிதவைகளும் பலூன்களும் செயற்கைக்கோள்களும் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த பிரதி. ஏடு பார்த்தவர்களுக்குத் தெரியும்: எழுதியவன் கையை அறியாமல் பாடத்தை நிச்சயிக்க முடியாது.

ஒரு உதாரணம். கடல்பரப்பு வெப்பநிலைப் பதிவுகளில் 1945இன் பிற்பகுதியில் ஒரு சரிவு. உலகக் கடல் திடீரென்று சுமார் 0.3 டிகிரி குளிர்ந்துவிட்ட மாதிரி. 2008இல் டேவிட் தாம்சனும் சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் காரணம் சொன்னார்கள். கடல் குளிரவில்லை, கப்பல் மாறியிருந்தது. 1942 தொடக்கத்திலிருந்து 1945 ஆகஸ்ட் வரை பதிவுகளில் சுமார் 80 சதவீதம் அமெரிக்கக் கப்பல்களுடையவை. எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கிற தண்ணீரை அவர்கள் பெரும்பாலும் அளந்தார்கள். எஞ்சின் அறைச் சூட்டில் அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு ஏறியது. அவர்கள் வாளியில் மொண்டு அளந்தவர்கள். வாளித் தண்ணீர் காற்றுப்பட்டு ஆவியாகிக் குளிர்ந்துபோகும். வாளிக்கும் குழாய்க்கும் உள்ள வித்தியாசம் கடலின் சரித்திரமாகப் பதிவாகிவிட்டது.

செயற்கைக்கோள் வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. வேறு உருவம் எடுத்தது, அவ்வளவுதான். 1978இன் கடைசியிலிருந்து அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் வளிமண்டலத்தின் நுண்ணலைகளை அளந்துவருகின்றன. அந்த அளவுகளை ஸ்பென்சரும் கிறிஸ்டியும் வெப்பநிலையாக மாற்றினார்கள். தொண்ணூறுகளில் அவர்கள் கணக்குப்படி வளிமண்டலம் அநேகமாகச் சூடாகவே இல்லை. புவி வெப்பமாதலை மறுத்தவர்களுக்கு இது பெரிய ஆயுதமாயிற்று. 1998இல் வென்ட்ஸும் ஷேபலும் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: காற்றின் உராய்வால் செயற்கைக்கோள்கள் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே இறங்குகின்றன, அந்த இறக்கம் பொய்யான குளிர்ச்சியாகத் தெரிகிறது. 2005இல் மியர்ஸும் வென்ட்ஸும் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரே இடத்தைச் செயற்கைக்கோள் கடக்கிற நேரம் வருஷாவருஷம் தள்ளிப்போகிறது. அதைச் சரிசெய்யப் போட்ட திருத்தத்தில் கூட்டல் கழித்தலாகியிருந்தது. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் ஏற்றுக்கொண்டு திருத்தினார்கள்.

'பார்த்தீர்களா, கணக்கைத் திருத்துகிறார்கள்' என்று கூச்சல் போடுகிறவர்கள் உண்டு. 'தகவல் தூய்மையானது' என்று அவர்களுக்குப் பதில் சொல்வது பயனில்லை. தூய தகவல் என்று ஒன்று இல்லை. சொல்ல வேண்டிய பதில் வேறு. மூல அளவுகள் திறந்திருந்ததால்தான் இன்னொரு குழு முதலிலிருந்து கணக்குப் போட முடிந்தது. பிழை தெரியவந்தது மறுவாசிப்பினால்.

ஆகவே ஒருங்கிணைப்பு என்பது எல்லோரும் ஒரே கருவியை வாங்கி மாட்டுவதல்ல. எந்தக் கருவி, எந்த நேரம், எப்போது மாற்றினார்கள் என்கிற ஓரக்குறிப்புகளைக் காப்பது. பழைய கருவி சாகுமுன் புதியதைக் கொண்டுவந்து இரண்டையும் கொஞ்ச காலம் சேர்த்து ஓட்டுவது. 1992இல் தொடங்கிய உலகத் தட்பவெப்பக் கண்காணிப்பு அமைப்பின் நெறிகளிலேயே இது இருக்கிறது. ஆனால் இருக்கிற கருவி வேலை செய்யும்போது இன்னொன்றுக்கு யார் பணம் கொடுப்பது? ஐரோப்பாவின் என்விசாட் 2012 ஏப்ரலில் மௌனமாயிற்று. அதன் ராடார் வரிசையைத் தொடர வேண்டிய சென்டினல்-1ஏ ஏறியது 2014 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருஷ ஏடு இல்லை.

அடுத்தது உடைமை. 1995இல் உலக வானிலை அமைப்பின் 40ஆம் தீர்மானம் தகவலை இரண்டாகப் பிரித்தது: கட்டாயம் இலவசமாகத் தர வேண்டியவை, நிபந்தனையோடு தரலாம் என்பவை. சில ஐரோப்பிய வானிலைத் துறைகள் தகவலை விற்றுச் சம்பாதிக்க ஆரம்பித்திருந்த காலம் அது. 2021இல் புதிய கொள்கை வந்து இலவசத்தின் எல்லையை விரித்தது. 2005இல் உருவான புவி அவதானிப்புக் குழுவோ விருப்பத்தின் பேரில் சேர்கிற கூட்டு. யாரையும் கட்டுப்படுத்த அதற்குச் சட்ட பலம் கிடையாது.

இதை வெறும் நிர்வாக விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. பூட்டிவைத்த ஏட்டில் பாடபேதம் தெரியாது. பதிப்பாளன் சொன்னதே பாடம். பூமியைப் பற்றி அடுத்தவன் திருத்த முடியாத ஒரு பதிப்பு வருமானால், அதை அறிவியல் என்று அழைப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?