சாயங்காலம் மட்டும் ஹம் அடிக்கும் ஆம்ப்ளிஃபயர்: பவர் சப்ளை பற்றி ஒரு குறிப்பு

பகலில் சுத்தமாகப் பாடும் செட், சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல் "ம்ம்ம்" என்று அடியில் ஒரு இரைச்சலோடு பாடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடுகிறது. அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது பழகிய தொல்லை. ஐசி போய்விட்டது, ஸ்பீக்கர் சரியில்லை, ஒயரை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் மறுநாள் ஏழு மணிக்கு ஹம் வந்து நிற்கும்.

நேரம் பார்த்து வரும் கோளாறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையைத்தான். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதுங்க.

ஸ்பீக்கருக்குப் போவது எந்தக் கரண்ட்?

செல்போனிலிருந்து வரும் பாட்டு சிக்னல் ஸ்பீக்கர் வரை போவதில்லை. அது ஒரு குழாயைத் திறந்து மூடும் கை மாதிரி. ஸ்பீக்கரை அசைக்கும் கரண்ட் பவர் சப்ளையிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் கலங்கி இருந்தால் குழாயை எவ்வளவு நேர்த்தியாகத் திறந்தாலும் கலங்கல்தான் வரும்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் டயோடு அதன் இரண்டு பக்க அலையையும் ஒரே பக்கமாகத் திருப்புவதால், ஒரு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் டிசி கிடைக்கிறது. அந்தப் பள்ளங்களை நிரப்புவது ஃபில்டர் கண்டன்சர். ஊர்த் தொட்டி மாதிரி: நொடிக்கு 100 தடவை நிரம்புகிறது, நடுவில் செட் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நிரம்பிய மட்டத்துக்கும் இறங்கிய மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரிப்பிள்.

கணக்கு எளிது. கரண்டை (ஆம்பியரில்) 100-ஆல் வகுத்து, மறுபடி கண்டன்சர் அளவால் (ஃபாரடில்) வகுத்தால் ரிப்பிள் வோல்ட் ஏறத்தாழக் கிடைக்கும். 1 ஆம்பியர் இழுக்கும் பவர் ஐசிக்கு 4700 மைக்ரோஃபாரட் போட்டால் ரிப்பிள் சுமார் 2.1 வோல்ட். 10000 போட்டால் 1 வோல்ட்.

டிடிஏ2030, எல்ஏ4440 போன்ற பவர் ஐசிகள் இந்த ரிப்பிளைப் பெருமளவு தள்ளிவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. எல்ஏ4440-இல் அதற்கென்றே கண்டன்சர் இணைக்க ஒரு கால் உண்டு. ஆபத்து அதற்கு முந்தைய இடத்தில். டோன் போர்டில் நுழையும் 1 மில்லிவோல்ட் இரைச்சலை, 30 மடங்கு பெருக்கும் பவர் ஐசி 30 மில்லிவோல்ட்டாக ஸ்பீக்கருக்கு அனுப்பும். அதனால்தான் டோன் போர்டுக்கும் ப்ளூடூத் போர்டுக்கும் 7812 ரெகுலேட்டர் வைக்கிறோம். சாயங்கால ஹம் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

ஏழு மணிக்கு என்ன நடக்கிறது?

வழக்கமாகப் பார்க்கும் சர்க்யூட் இது: 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், ஒரு 7812. டோன் போர்டும் ப்ளூடூத்தும் சேர்ந்து 100 மில்லிஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம்.

லைனில் 230 வோல்ட் இருந்தால், 12-ஐ 1.414-ஆல் பெருக்கினால் உச்சம் 17 வோல்ட். இரண்டு டயோடு தின்பது 1.4 போக 15.6. ரிப்பிள் 1 வோல்ட் போக, பள்ளத்தில் 14.6. ஒரு 7812 ஒழுங்காக வேலை செய்ய, உள்ளே வரும் வோல்ட் வெளியே போவதைவிடச் சுமார் 2 வோல்ட் கூடுதலாக, அதாவது 14-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 14.6 இருப்பதால் தப்பித்தோம்.

சாயங்காலம் லைன் 190-க்கு இறங்கினால்? 12 வோல்ட் என்பது 9.9 ஆகிவிடும். உச்சம் 14, டயோடு போக 12.6, பள்ளத்தில் 11.6. ரெகுலேட்டர் கையை விரித்துவிடும். அது தள்ளிவிட வேண்டிய 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் நேராக டோன் போர்டுக்குள் போகும். பவர் ஐசி அதைப் பெருக்கும். நமக்கு "ம்ம்ம்".

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி ஆனாலும், விசைத்தறி ஓடும் ராசிபுரம், பள்ளிபாளையம் பக்கம் ஆனாலும், லைன் கடைசியில் இருக்கும் வீட்டின் வோல்டேஜை நிர்ணயிப்பது அந்த லைனில் அப்போது ஓடும் மோட்டார்களும் விளக்குகளும்தான். லோடு ஏறினால் வோல்ட் இறங்கும்; தறியும் மோட்டாரும் நின்றால் ஏறும். பத்து மணிக்கு மேல் ஹம் மறையும் காரணம் இதுவே.

லைனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே வீட்டு இணைப்பில் 6 சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. 230-க்கு 6 சதவீதம் குறைவு என்றால் 216. அந்த 216-இல் நம் சர்க்யூட்டின் பள்ளம் 13.5 வோல்ட். விதிக்கு உட்பட்ட மின்சாரத்திலேயே தடுமாறும் டிசைன் இது.

என்ன மாற்றலாம்?

எல்லோரும் முதலில் செய்வது கண்டன்சரைப் பெரிதாக்குவது. இங்கே அது முழுத் தீர்வு ஆகாது. 190 வோல்ட்டில் உச்சமே 12.6 தான். எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் வருகிற தண்ணீரின் மட்டத்துக்கு மேல் நிரம்பாது. வழிகள் இரண்டு.

ஒன்று, 7812-க்குப் பதில் 7809. கால் வரிசை ஒன்றேதான். 11 வோல்ட் வந்தால் போதும் என்பதால் 190-லும் 11.6 வைத்துச் சமாளித்துவிடும். டோன் போர்டில் வழக்கமாக இருக்கும் 4558 ஐசி 9 வோல்ட்டிலும் வேலை செய்யும். உங்கள் ப்ளூடூத் போர்டு 9 வோல்ட்டில் ஓடுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இது.

இரண்டு, 15 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர். 190-இல் பள்ளம் 15.1 வோல்ட், 7812-க்குத் தாராளம். பகலில் 230 வரும்போது ரெகுலேட்டர் முக்கால் வாட் அளவுக்குச் சூடாகும். சின்ன ஹீட்சிங்க் வைத்தால் போதும்.

ஆனால் பவர் ஐசிக்குப் போகும் ட்ரான்ஸ்ஃபார்மரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். டிடிஏ2030 தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வோல்ட். 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மரில் நள்ளிரவில் லைன் 250-க்கு ஏறினால், கணக்கின்படியே 17.7 வந்துவிடும். லோடு இல்லாதபோது ட்ரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும். அங்கே 15-0-15 போட்டால் ஐசி போய்விடும்.

பவர் ஐசி பக்கம் கண்டன்சரைக் கூட்டுவதில் பலன் உண்டு. சத்தம் கூட்டும்போது தவில், பேஸ் கிடார் வரும் இடங்களில் பிசிறு குறையும். ஆனால் அளவோடு. கண்டன்சர் பெரிதாகப் பெரிதாக, டயோடு வழியே கரண்ட் குறுகிய நேரத்தில் குபீரென்று பாயும். 1 ஆம்பியர் தாங்கும் 1என்4007-ஐ எடுத்துவிட்டு, 3 ஆம்பியரின் 1என்5408 போடுங்கள். கண்டன்சர் வாங்கும்போது 85 டிகிரி எழுதியதைவிட 105 டிகிரி எழுதியதைப் பாருங்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இதற்கான பொதுக் கணக்கு. சேலம் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் கண்டன்சருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எல்லா இரைச்சலும் இது இல்லை

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் மறைந்தால், அது வால்யூமுக்கு முன்னாலேயே, இன்புட் ஒயரிலோ ப்ளூடூத் போர்டிலோ புகுகிறது. அப்படியே இருந்தால் சப்ளையிலோ கிரவுண்டு ஒயரிங்கிலோ கோளாறு. செல்போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் இருந்தால் இன்னும் தெளிவு: 100 ஹெர்ட்ஸ் ஓங்கி நின்றால் ரிப்பிள், 50 ஓங்கி நின்றால் கிரவுண்டு லூப், அல்லது ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஓடும் சிக்னல் ஒயர்.

ப்ளூடூத் இணையும்போது மட்டும் "கீச் கீச்" என்றால் அது போர்டின் டிஜிட்டல் இரைச்சல், பொதுவான கிரவுண்டு வழியே வருகிறது. பி0505எஸ் என்ற சின்ன ஐசோலேட்டட் 5 வோல்ட் மாட்யூல் அதற்குத் தனி சப்ளை கொடுக்கும். ஒரு வாட் தான், 200 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்காது.

மீடியம் வேவில் திருச்சி 936 மாதிரி ஒரு நிலையத்தைச் சரியாகப் பிடிக்கும்போது மட்டும் ஹம் வந்து, ஊசியை நகர்த்தினால் போய்விடுகிறதா? அது டயோடு செய்யும் வேலை. ஒவ்வொரு டயோடுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் டிஸ்க் கண்டன்சர் வைத்துப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் போட்டால் என்ன என்று கேட்கலாம். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் 190-ஐப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஆனால் அதற்கென்று உயர் அதிர்வெண் இரைச்சல் உண்டு. மலிவானதில் அது கூடுதல்.

கை வைப்பதற்கு முன்

ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி பக்கம் 230 வோல்ட். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே சில நொடிகள் பிடித்து இறக்குங்கள். பிரைமரியில் ஃபியூஸ் இல்லாத செட் என்றால் மற்ற எல்லா மாற்றத்துக்கும் முன்னால் அதைப் போடுங்கள்.

சாலிடரிங் அயர்னைச் சூடேற்றுவதற்கு முன் ஒரே ஒரு அளவு எடுங்கள். மல்டிமீட்டரை டிசியில் வைத்து, 7812-இன் இன்புட் காலில் பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஏழரைக்கு ஒரு தடவை. மீட்டர் காட்டுவது சராசரிதான். பள்ளம் அதைவிடச் சுமார் அரை வோல்ட் கீழே இருக்கும். அதனால் ஏழரைக்கு 14.5-க்குக் கீழே காட்டினால் கோளாறு பிடிபட்டது. ஸ்பீக்கரையும் ஒயரையும் மாற்றக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அதற்கு மேல் காட்டினால் இந்தக் குறிப்பின் முதல் பாதி உங்கள் செட்டுக்குப் பொருந்தாது. வால்யூம் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.