இராணுவம் கழித்த லொறியை வாங்கப் போகிறீர்களா?

"இராணுவத்தில் ஓடிய வண்டி, இரும்பு மாதிரி இருக்கும்" என்ற பேச்சை எமது வியாபாரிகள் மத்தியில் அடிக்கடி கேட்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் இந்தப் பேச்சு இன்னும் கூடியது. 2025இல் அந்தத் தடை தளர்த்தப்பட்ட போதிலும், வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் புது லொறி சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே மணல், செங்கல், மரம், நெல் ஏற்றுவோரின் கண் ஏலத்துக்கு வரும் பச்சை லொறிகள் மீது விழுகிறது. அசோக் லேலண்ட், டாட்டா, யுனிமொக், எப்போதாவது ஒரு பழைய பெட்போர்ட் என்று பல வகை வரும். நல்ல சாமான் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது சாதாரண லொறி அல்ல. சாதாரண லொறியைப் பார்ப்பது போலப் பார்த்து வாங்கினால் காசும் போகும், சில வேளை உயிரும் போகும்.

முதலில் காகிதம். ஏல நிபந்தனைகளில் "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்று ஒரு வரி இருக்கும். பிறகு எந்தக் குறையையும் சொல்லிக்கொண்டு போக முடியாது என்பதே அதன் பொருள். அதைவிட முக்கியமானது, அந்த வண்டி ஓட்டுவதற்காக விற்கப்படுகிறதா அல்லது பழைய இரும்பாக விற்கப்படுகிறதா என்பது. எனக்குத் தெரிந்த மர வியாபாரி ஒருவர் எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறதே என்று சந்தோஷப்பட்டு வாங்கினார். பதிவு செய்யப் போனபோதுதான் அது பழைய இரும்புக் கணக்கில் விற்கப்பட்டது என்று தெரிய வந்தது. கடைசியில் துண்டு துண்டாக வெட்டி விற்றார். ஆகவே, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயரில் பதிவு செய்யத் தேவையான கடிதங்கள் கிடைக்குமா என்பதை விலை கேட்கு முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் நேரில் தடவிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இராணுவக் கராஜில் எஞ்சின் மாறியிருந்தால் காகிதத்தில் ஒன்று, வண்டியில் இன்னொன்று இருக்கும்.

மீற்றரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிலோமீற்றர் குறைவாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஓடாமல் நின்றபடியே மணிக்கணக்காக எஞ்சின் வேலை செய்திருக்கும். பிறகு வருடக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடந்திருக்கும். கிடந்த வண்டியில் ஒயில் சீல்கள் காய்ந்து போகும், டீசல் டாங்கிக்குள் துரு பிடிக்கும், பிரேக் றப்பர்கள் இறுகிவிடும். எஞ்சினைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அதைச் செய்ய ஊருக்கு ஊர் பாஸ்மார் இருக்கிறார்கள். லேலண்ட், டாட்டா எஞ்சின் சாமான்களில் பெரும்பாலானவை பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். தலையிடி தருவது முன் அச்சும் ட்ரான்ஸ்பர் பொக்ஸும்தான். அவை சாதாரண லொறியில் இல்லாத சாமான்கள். யுனிமொக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், நான்கு சில்லுகளின் நடுவிலும் தனித்தனியாகப் பற்சக்கரங்கள் உள்ளன. நான்குக்கும் தனித்தனியாக ஒயில் பார்க்க வேண்டும். ஏலத்துக்குப் போகு முன் ஒரு நாளை ஒதுக்கி, இந்தச் சாமான்கள் கிடைக்குமா, என்ன விலை என்று பஞ்சிகாவத்தையில் கேட்டுவிட்டுப் போங்கள். அந்தத் தொகையைக் கழித்துவிட்டே ஏலத்தில் விலை சொல்லுங்கள்.

மின்சாரம் 24 வோல்ட். 12 வோல்ட் பற்றரி இரண்டைத் தொடுத்திருப்பார்கள். சிலர் ரேடியோவுக்கும் ஹோர்னுக்கும் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவார்கள். ஒரு பற்றரி காய, மற்றது கொதிக்க, இரண்டும் சீக்கிரம் செத்துவிடும்.

இனி சில்லுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத நினைத்ததே இதற்காகத்தான். இவ்வகை லொறிகள் பலவற்றில் ரிம் ஒரே துண்டாக இருப்பதில்லை. ஒரு வகையில் டயரை ஓர் இரும்பு வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். 80 இறாத்தல் காற்று என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல். முழு டயரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வளையத்தைத் தள்ளும் பலம் பத்துத் தொன்னுக்குக் குறையாது. வளையம் துருப்பிடித்திருந்தால் அல்லது சரியாக உட்காராவிட்டால், காற்று அடிக்கும்போது வெடித்துப் பறக்கும். குனிந்து நின்று காற்று அடிக்கும் பொடியனின் தலைதான் அதற்கு நேரே இருக்கும்.

இன்னொரு வகையில் ரிம் இரண்டு பாதிகளாக இருந்து நட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். பிரித்தானிய இராணுவ வண்டிகளில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு நிறம் பூசுவார்கள். டயரில் காற்று இருக்கும்போது இவற்றில் கை வைக்காதே என்பதற்கான அடையாளம் அது. நாம் வாங்கும் வண்டியில் அந்த நிறம் எப்போதோ அழிந்திருக்கும். அல்லது அழகுக்காக முழுச் சில்லுக்கும் ஒரே பெயின்ற் அடித்திருப்பார்கள். சில்லைக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்த நட்டுகளைக் கழற்றினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, கழற்று முன் வால்வின் உள்ளே உள்ள ஊசியை எடுத்து முழுக் காற்றையும் இறக்குங்கள். பின்பக்கம் இரட்டைச் சில்லு என்றால் இரண்டிலும் இறக்க வேண்டும். ஒரு ரிம்மின் வளையத்தை இன்னொரு ரிம்மில் போடாதீர்கள். வெடித்த ரிம்முக்கு வெல்டிங் வேண்டாம், தூக்கி எறியுங்கள். காற்று அடிப்பது இரும்புக் கூட்டுக்குள் வைத்து, நீளமான குழாயால், பக்கவாட்டில் விலகி நின்று. காற்று ஏறிய பின் வளையத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யும் பழக்கம் எமது டயர் கடைகளில் இருக்கிறது. அப்படிச் செய்யும் கடைக்குப் போகாதீர்கள். கூடு இல்லாத கடைக்கும் போகாதீர்கள்.

டயர் எவ்வளவு பருமனாகத் தெரிந்தாலும் அதன் வயதைப் பாருங்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 1812 என்றால் 2012ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்திய டயர். சேற்றுக்கென்று செய்த பெரிய கட்டை டயர் மழையில் தார் வீதியில் வழுக்கும் என்பதையும் சாரதிக்குச் சொல்லி வையுங்கள்.

நான்கு சில்லும் இழுக்கும் கியரைப் பற்றி ஒரு வார்த்தை. பல லொறிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஓடும் தூரம் வித்தியாசப்படும். மணலிலும் வயலிலும் சில்லு வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் வீதியில் வழுக்க இடமில்லாமல் கியர் இறுகி, சாஃப்ட் முறியும். வீதிக்கு ஏறியதும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

பிரேக்கில் ஒரு சதமும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய மொடல்கள் சிலவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் ஒயில் லைன்தான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் இல்லை. றப்பர், குழாய், ஒயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டே வீதிக்கு இறக்குங்கள். காற்றுப் பிரேக் என்றால், காற்று நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு மீற்றரைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 3 இறாத்தலுக்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. டாங்கியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும்.

கண்டியிலிருந்து மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவில் இறங்குவோருக்கு நான் சொல்வது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், அதையும் இறக்கம் தொடங்கு முன்னரே போட்டுவிடுங்கள் என்பதுதான். பாரத்தோடு இறங்கும்போது நடுவழியில் கியர் மாற்றப் போய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், பிறகு பிரேக்கை மட்டும் நம்ப வேண்டியதுதான். அது சூடேறினால் பிடிக்காது.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு தப்பெண்ணம் உண்டு. இராணுவம் லொறிக்குச் சொல்லும் பாரம் பெரும்பாலும் காட்டுப் பாதைக்கான கணக்கு. அமெரிக்க இராணுவத்தின் எம் 35 லொறியை இரண்டரைத் தொன் வண்டி என்பார்கள், நல்ல வீதியில் அதற்கு 5 தொன் அனுமதி. இதைக் கேள்விப்பட்டு எல்லா வண்டியிலும் இரட்டிப்பாக ஏற்றிவிடுகிறார்கள். வண்டிக்கு வண்டி கணக்கு வேறு. உங்கள் வண்டியின் தகட்டில் உள்ளதையும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதையும் மட்டும் பாருங்கள். காப்புறுதிக் கம்பனியும் அதைத்தான் பார்க்கும்.

கடைசியாக, பின்னால் கூலியாட்களை ஏற்றும் விடயம். படையினர் உட்கார்ந்து போன பலகை இருக்கிறதே என்று செங்கலுக்கு மேலேயும் ஆட்களை ஏற்றுகிறார்கள். இந்த லொறிகள் நிலத்திலிருந்து உயரமானவை, பாரமும் உயரத்தில்தான் நிற்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் சாதாரண லொறியை விடச் சுலபமாகச் சரியும். பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு பட்டியும் இல்லை. ஆட்களை ஓட்டோவில் அனுப்புங்கள், கூலியை லொறிச் செலவுக் கணக்கிலேயே எழுதுங்கள்.